மொத தடவ சர்ச்சுக்குள்ள போறீங்களா? கடைசி பெஞ்சுலேர்ந்து ஆரம்பிங்க

வருஷா வருஷம் ஆகஸ்ட் கடைசி வந்துட்டா ஆபீஸ்ல யாராச்சும் ஒருத்தர் என் டேபிள்கிட்ட நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துருவாங்க. தஞ்சாவூர் திருவாரூர் ரோட்டுல காவி கட்டிக்கிட்டு, குட்டிச் சப்பரத்த தள்ளிக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போற கூட்டத்த வழியில பாத்துருப்பாங்க. "நாங்களும் வரலாமா, உள்ள போயி என்ன பண்ணணும், உங்காளுங்கள்ல சில பேரு மாதாவ கும்புடறாங்க, சில பேரு மாதான்னாலே மூஞ்ச திருப்பிக்கறாங்களே அது ஏன், ஏசுவ எதுக்கு சிலுவைல அடிச்சாங்க"னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அரைகுறையா சொல்லி அனுப்பிச்சு எனக்கே அலுத்துப் போச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன்.

நான் பொறந்து வளந்தது திருக்காட்டுப்பள்ளி பக்கம், பூண்டி மாதா கோயிலுக்கு சைக்கிள் மிதிக்கிற தூரம், அசல் ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். வாக்கப்பட்டது பொறையாறு பக்கம் ஒரு லுத்தரன் குடும்பத்துல, அவங்க புராட்டஸ்டண்ட். கல்யாணப் பேச்சு வந்தப்ப "அவங்களும் வேதக்காரங்கதானே"னு அம்மா சொல்ல, "வேதம் ஒண்ணுதான், கோயில் வேற"னு அப்பா ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. அதனால ரெண்டு வீட்டு சமாச்சாரமும் தெரியும், ரெண்டு வீட்லயும் திட்டும் வாங்கியிருக்கேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், புக்க வச்சு ஆரம்பிக்காதீங்க. பைபிள வாங்கி மொத பக்கத்துலேர்ந்து படிச்சு லேவியராகமத்துல பலி சட்டதிட்டம் வர்ற எடத்துல மூடி வச்சவங்க எனக்குத் தெரிஞ்சே நாலு பேரு. ஒரு ஞாயித்துக்கெழம பூசைக்கு வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க. அங்க நடக்குற ஒவ்வொண்ணும் ஏன்னு கேட்டுட்டே வந்தீங்கன்னா முக்காவாசி மதம் அந்த ஒரு மணி நேரத்துலயே இருக்கு.

படி 1: சும்மா ஒரு ஞாயித்துக்கெழம போங்க

திருவிழா அன்னிக்கு வேண்டாம். கூட்டத்துல பலிபீடமே தெரியாது. உங்க ஊர்ல இருக்குற ஆர்.சி. கோயில்ல காலைல எத்தன மணிக்கு பூசைனு போர்டு போட்டுருக்கும், பத்து நிமிஷம் முன்னாடி போயிருங்க. யாரும் ஐடி கார்டு கேக்க மாட்டாங்க, நீங்க என்ன சாதி என்ன மதம்னும் வாசல்ல கேக்க மாட்டாங்க. கிராமத்துக் கோயில்னா செருப்ப வெளிய விட்டுருங்க, டவுன்ல சில எடத்துல போட்டுட்டே போவாங்க, வாசல்ல செருப்பு குமிஞ்சிருக்கானு பாத்தா போதும். பொம்பளைங்க முந்தானையால முக்காடு போட்டுப்பாங்க, நீங்க போடலன்னாலும் யாரும் கடிச்சுத் திங்க மாட்டாங்க. ஆம்பளைங்க ஒரு பக்கம் பொம்பளைங்க ஒரு பக்கம்னு உக்கார்ற வழக்கம் இன்னும் நெறைய ஊர்ல இருக்கு, அத மட்டும் உள்ள நுழையும்போதே கவனிச்சுக்கோங்க. எல்லாரும் எந்திரிச்சா எந்திரிங்க, முட்டி போட்டா நீங்க தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தா போதும். போன் சைலண்ட்.

படி 2: நடக்குறத வரிசையா பாருங்க

உள்ள வந்ததும் எல்லாரும் நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோள்பட்டைனு தொட்டு சிலுவை போடுவாங்க, "தந்தை மகன் தூய ஆவியாரின் பெயராலே"னு சொல்லுவாங்க. இதுலயே அடிப்படை நம்பிக்கை வந்துருச்சு. கடவுள் ஒருத்தர்தான், மூணு சாமி கெடையாது. ஆனா அந்த ஒருத்தர் தந்தை, மகன், ஆவினு மூணு ஆளா இருக்காரு. எப்படி ஒண்ணு மூணாகும்னு கணக்கு போட்டுப் பாக்காதீங்க, பெரிய பெரிய சாமியாருங்களே, அதாவது பாதிரியாருங்களே, பிரசங்கத்துல இந்த எடத்துல கொஞ்சம் தடுமாறுவாங்க. மகன்னு சொல்றது இயேசுவ.

அடுத்து "என் பாவமே, என் பாவமே"னு நெஞ்சுல தட்டிப்பாங்க. மனுசன் கடவுள விட்டு வெலகிட்டான், தானா திரும்பி வர முடியல, அதனால கடவுளே மனுசனா பொறந்து வந்து கூட்டிட்டுப் போறாருங்கறதுதான் இந்த மதத்தோட மொத்தக் கதையும். மிச்சமெல்லாம் இதுக்கு வெளக்கம்.

அப்பறம் பைபிள் வாசகம். பழைய ஏற்பாட்டுலேர்ந்து ஒண்ணு, புதிய ஏற்பாட்டுக் கடிதத்துலேர்ந்து ஒண்ணு, கடைசில இயேசுவோட வாழ்க்கைய சொல்ற நற்செய்தி. நற்செய்தி வாசிக்கும்போது மட்டும் எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க, ஏன்னா அதுல பேசறது இயேசு. பழைய ஏற்பாடுங்கறது யூதர்களோட வேதம். இத நெறைய பேரு மறந்துடறாங்க, இயேசு கிறிஸ்தவரா பொறக்கல, யூதரா பொறந்து யூதராவே வாழ்ந்தாரு. பெத்லகேம்ல பொறந்தாரு, கலிலேயா நாட்டு நாசரேத்துல வளந்தாரு, தச்சு வேலை செஞ்ச குடும்பம், பேசுனது அரமேயிக் பாஷை. கிறிஸ்துங்கறது அவரு வீட்டுப் பேரு இல்ல. எண்ணெய் பூசி ராஜாவா நியமிக்கப்பட்டவர்னு அர்த்தம், எபிரேய மொழில மெசியா, கிரேக்கத்துல கிறிஸ்து. அபிஷேகம்னா என்னன்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லித் தரணுமா என்ன.

பிரசங்கம் முடிஞ்சதும் எல்லாரும் நின்னுக்கிட்டு மனப்பாடமா ஒண்ணு சொல்லுவாங்க, "நம்புகிறேன்"னு வரும். இதத்தான் நல்லா காது குடுத்துக் கேக்கணும். இயேசு பாடுபட்டது, செத்தது, அடக்கம் பண்ணது, மூணாம் நாள் உயிர்த்தெழுந்ததுனு வரிசையா போகும், நடுவுல "பொந்தியு பிலாத்து"னு ஒரு பேரு வரும். அந்தாளு ரோமப் பேரரசுல யூதேயாவுக்கு கவர்னரா இருந்தவரு, கி.பி. 26லேர்ந்து 36 வரைக்கும். சின்ன வயசுல எனக்கு இது புரியவே இல்ல, தப்பா தீர்ப்பு சொன்ன ஆள் பேர எதுக்கு வாராவாரம் சாமி முன்னாடி சொல்றோம்னு எங்களுக்கு வேதம் சொல்லித் தர்ற உபதேசியார்கிட்ட கேட்டேன். அவரு சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு: "பத்திரத்துல தேதி போடறோம்ல, அது மாதிரி." ஒரு ஊர்ல ஒரு ராஜாங்கற கத இல்ல இது, இந்த அதிகாரி இருந்தப்ப, இந்த ஊர்ல நடந்துச்சுனு சொல்றாங்க. இந்த நம்பிக்கைக்கே ஆதாரமா இருக்கறது இயேசு உயிர்த்தெழுந்ததுதான். அது நடக்கலன்னா எங்க நம்பிக்கையே வீண்னு புதிய ஏற்பாட்டுக் கடிதங்கள எழுதுன பவுலே எழுதி வச்சிருக்காரு.

படி 3: அப்பம் வாங்க லைன்ல நிக்காதீங்க

இது தனியா ஒரு படியாவே சொல்லணும். பூசை பாதி தாண்டுனதும் மணி அடிப்பாங்க, எல்லாரும் முட்டி போடுவாங்க, சாமியார் அப்பத்தையும் ரசத்தையும் தூக்கிக் காட்டுவாரு. ரசம்னா நம்ம மொளகு ரசம் இல்லீங்க, திராட்சை ரசம். கொஞ்ச நேரம் கழிச்சு எல்லாரும் வரிசைல போயி அந்த அப்பத்த வாங்குவாங்க, "நன்மை வாங்கறது"னு ஊர்ல சொல்லுவோம், புத்தகத் தமிழ்ல நற்கருணை.

என் தம்பி கல்யாணப் பூசைக்கு ஆபீஸ்லேர்ந்து ஒரு தம்பி வந்திருந்தான். எல்லாரும் போறாங்களேனு அவனும் வரிசைல போயி கைய நீட்டி வாங்கிட்டான். திரும்ப பெஞ்சுக்கு வந்து கர்ச்சீப்ப விரிச்சு காட்டறான், உள்ள ரூபாக் காசு அளவுக்கு வெள்ளையா அப்பம். "அக்கா, இனிப்பே இல்லையே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாமா?" எனக்கு ரத்தமே உறைஞ்சு போச்சு. உபதேசியார் அதுக்குள்ள பாத்துட்டு வேட்டிய தூக்கிப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்தாரு, ஆனா ஒரு வார்த்த கடிஞ்சு பேசல, கர்ச்சீப்போட பதமா வாங்கிட்டுப் போயிட்டாரு. அந்தப் பையன் மேல தப்பே இல்ல. கோயில்ல குடுக்கறத பிரசாதம்னு நெனைக்கறதுதான் நம்ம ஊரு வழக்கம்.

இது பிரசாதம் கெடையாது. சாகறதுக்கு முந்தின ராத்திரி இயேசு தன் சீடர்களோட உக்காந்து சாப்புட்டாரு, அப்பத்த பிச்சுக் குடுத்து "இது என் உடல்", ரசத்த குடுத்து "இது என் ரத்தம்", "இத என் நினைவா செய்யுங்க"னு சொன்னாரு. கத்தோலிக்கர்களுக்கு அது அடையாளம் இல்ல, நெசமாவே இயேசுவோட உடலா மாறிடுதுனு நம்பிக்கை. அதனாலதான் ஞானஸ்நானம் வாங்கி, படிச்சு, புதுநன்மை எடுத்தவங்களுக்கு மட்டும்தான் குடுப்பாங்க. பத்து வயசு புள்ளைங்க வெள்ள கவுன் போட்டுக்கிட்டு கைல மெழுகுதிரியோட நிக்கற போட்டோ ஆர்.சி. வீடுகள்ல மாட்டியிருக்கும் பாருங்க, அதுதான் புதுநன்மை. லுத்தரன்லயும், தென்னிந்திய திருச்சபைங்கற சி.எஸ்.ஐ.லயும் இதுக்கு இராப்போஜனம்னு பேரு, படிச்சு திடப்படுத்தல்ங்கற சடங்கு முடிஞ்சவங்கதான் போவாங்க. நீங்க பெஞ்சுலயே இருங்க, யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க.

படி 4: எந்த வீட்டுக்காரங்கன்னு வார்த்தைய வச்சு கண்டுபுடிங்க

இயேசு போனப்பறம் அவரோட ஆளுங்க மொத மொதல்ல கிறிஸ்தவங்கன்னு பேரு வாங்குனது இப்ப துருக்கில இருக்குற அந்தியோகியாவுல. ரோமர்கள்ட்ட அடிபட்டு ஒதபட்டு வளந்து, 313ல ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துல சட்டப்படி அனுமதி கெடைச்சுது, 325ல நிசேயாவுல கூடி நம்பிக்கைய வார்த்தையா எழுதுனாங்க. 1054ல கிழக்கு மேற்குனு பிரிஞ்சாங்க. 1517ல ஜெர்மனில மார்ட்டின் லூத்தர் போப்பாண்டவர் சபையோட மோதுனாரு, அங்கேர்ந்துதான் புராட்டஸ்டண்ட் கிளைகள். தென்னிந்தியாவுல ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட்னு சில சபைகள் 1947ல ஒண்ணா சேந்ததுதான் சி.எஸ்.ஐ. லுத்தரன்காரங்க அதுல சேரல, டி.இ.எல்.சி.னு (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) தனியா இருக்காங்க, தலைமை திருச்சில.

இந்த வரலாறெல்லாம் மறந்துட்டாலும் பரவால்ல, பேச்ச கவனிங்க. "இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க"ன்னா ஆர்.சி., "ஸ்தோத்திரம்"ன்னா அடுத்த பக்கம். பூசைன்னா ஆர்.சி., ஆராதனைன்னா மத்தவங்க. ஆர்.சி.ல ஃபாதர், சாமியார், கல்யாணம் கெடையாது. மத்தவங்ககிட்ட பாஸ்டர், குடும்பம் புள்ளகுட்டி உண்டு, பழைய ஆளுங்க அவர "ஐயர்"னுவாங்க. மாமியார் மொத தடவ "ஐயர் மத்தியானம் சாப்பாட்டுக்கு வர்றாரு, கறி எடுத்துட்டு வா"னு சொன்னப்ப நான் முழிச்ச முழி இருக்கே! ஜெபம் கூட ஒண்ணுதான், வார்த்தைதான் வேற. எங்க அம்மா வீட்ல "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே", மாமியார் வீட்ல "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே". இத்தன வருஷம் ஆகியும் குடும்ப ஜெபத்துல என் வாய் பழைய தண்டவாளத்துலதான் ஓடுது. பைபிள்லயும் வித்தியாசம் உண்டு, கத்தோலிக்கர் கணக்குல 73 புத்தகம், புராட்டஸ்டண்ட் கணக்குல 66. கூடுதல் ஏழும் பழைய ஏற்பாட்டுலதான், இயேசுவப் பத்தின 27 புத்தகம் ரெண்டு பேருக்கும் ஒண்ணு.

பெந்தெகொஸ்தே சபைங்க தனி ரகம். கைதட்டிப் பாட்டு, சத்தமா ஜெபம், ஆவில நெறைஞ்சு யாருக்கும் புரியாத மாதிரி பேசற அந்நிய பாஷை, ஆத்துலயோ தொட்டிலயோ முழுசா முக்கி ஞானஸ்நானம். மொத நாளே அங்க போனா கொஞ்சம் மெரண்டுருவீங்க, ரெண்டாவது மாசம் போங்க.

படி 5: ஒரு நாள் லீவு போட்டு சுத்துங்க

இந்த மதம் நம்ம மண்ணுக்கு எப்படி வந்துச்சுனு பாக்கணும்னா டெல்டாவ விட்டு வெளிய போக வேண்டாம். எனக்குப் புடிச்ச எடம் தரங்கம்பாடி, மாமியார் ஊர் பக்கம்கறதுக்காக சொல்லல. 1620ல தஞ்சாவூர் நாயக்கர் ரகுநாதர் டென்மார்க்காரங்களுக்கு குடுத்த ஊரு. 1706 ஜூலை 9ந் தேதி சீகன்பால்கு அங்க வந்து எறங்குனாரு, ஜெர்மன்காரர், மறுநாள்தான் அவருக்கு 24 வயசு முடியுது. வந்தவர தாம்பாளம் வச்சு யாரும் வரவேக்கல. அவரு பண்ற வேலை டென்மார்க் கவர்னருக்கே புடிக்காம 1708 கடைசில கோட்டைல புடிச்சு அடைச்சு நாலு மாசம் வச்சிருந்தாங்க. வந்த புதுசுலயே தமிழ் படிச்சுட்டவரு, வெளிய வந்து அச்சு எந்திரம் வரவழைச்சு, தமிழ்ல புதிய ஏற்பாட்ட 1715ல அச்சடிச்சு முடிச்சாரு. காகிதம் பத்தலனு பொறையாறுல காகிதப் பட்டறை வேற போட்டாங்க. அவரு கட்டுன புது எருசலேம் கோயில் 1718, அடுத்த வருஷமே செத்துட்டாரு, 37 கூட முடியல. அவரு கல்லறை அந்தக் கோயிலுக்குள்ளயேதான் இருக்கு, ராஜா தெருவுல நடந்தீங்கன்னா வந்துரும்.

கொள்ளிடத்துக்கு வடக்க ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் வீரமாமுனிவர் பேரோட சேந்தது. இத்தாலிக்காரர், இயேசுவ வளத்த சூசையப்பர் கதைய தேம்பாவணினு 3615 பாட்டா பாடுனவரு. நாம இன்னிக்கு எ-க்கும் ஏ-க்கும், ஒ-க்கும் ஓ-க்கும் வித்தியாசம் போட்டு எழுதறோம்ல, அதுவும் அவரு பண்ண சீர்திருத்தம்தான்.

தஞ்சாவூர்ல பெரிய கோயிலுக்கு வர்ற கூட்டத்துல நூத்துல ஒருத்தர் கூட பக்கத்துல சிவகங்கை பூங்காவுல, சுவார்ட்ஸ்ங்கற ஜெர்மன் பாதிரியார் பேர்ல இருக்குற சர்ச்ச எட்டிப் பாக்கறதில்ல. 1779ல கட்டுனது. உள்ள ஒரு வெள்ள சலவக்கல் சிற்பம் இருக்கு, சுவார்ட்ஸ் ஐயர் சாகக் கெடக்கறாரு, சரபோஜி மன்னர் பக்கத்துல நின்னு அவரு கையப் புடிச்சிருக்காரு. லண்டன்ல ஃபிளாக்ஸ்மன்ங்கற சிற்பிகிட்ட சொல்லி சரபோஜியே செய்ய வச்சு வரவழைச்சது. மன்னர் கடைசி வரைக்கும் மதம் மாறல. அந்த ரெண்டு கையையும் கிட்டக்க போயி பாருங்க.

படி 6: வருஷக் கணக்கு

கிறிஸ்துமஸ் டிசம்பர் 25, எல்லாருக்கும் தெரியும், மார்கழிப் பனில குடில் கட்டறது, நடுராத்திரி பூசை. உண்மையில பெரிய திருநாள் இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர்தான். அது தேதி மாறிட்டே இருக்கும், நம்ம பண்டிகை மாதிரியே நிலாவ வச்சுக் கணக்கு, மார்ச் 21லயோ அதுக்கு அப்பறமோ வர்ற மொத பௌர்ணமிக்கு அடுத்த ஞாயித்துக்கெழம. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழமய விட்டுட்டு 40 நாள் தவக்காலம், லுத்தரன்ல லெந்து நாள். மொத நாள் பேரு திருநீற்றுப் புதன், ஆமா திருநீறுதான், போன வருஷக் குருத்தோலைய எரிச்ச சாம்பல நெத்தில பூசி "நீ மண்ணு, மண்ணுக்கே திரும்புவ"னு சொல்லுவாங்க. கல்யாணம் வைக்க மாட்டாங்க, பாதி வீட்ல கறி மீன் கெடையாது, மிச்சப் பாதி வீட்ல வெள்ளிக்கெழம மட்டும் கெடையாது. குருத்து ஞாயித்துக்கு தென்னங்குருத்துல சிலுவை பின்னுவோம், எங்க பெரியத்தை ஒத்தை ஓலைல கிளி கூட பின்னுவாங்க.

நீங்க ஒரே ஒரு நாள்தான் வரமுடியும்னா, இயேசு செத்த நாளான பெரிய வெள்ளிக்கு (குட் ஃப்ரைடே) வாங்க. அன்னிக்கு பூசையே கெடையாது. பீடத்துல துணி இல்ல, பூ இல்ல, மணி அடிக்க மாட்டாங்க, மரக்கட்டைய தட்டுவாங்க. மூணு மணி வெயில்ல ஊரே வரிசைல நின்னு சிலுவைய முத்தி செய்யும், அதாவது முத்தம் குடுக்கும். முடிஞ்சதும் எங்க ஊர்ல கஞ்சியும் தொவையலும், அத நீங்க தாராளமா வாங்கலாம்.

படி 7: இப்ப புக்க எடுங்க

மாற்கு நற்செய்தி, 16 அதிகாரம், நாலு நற்செய்திலயும் சின்னது, ஒரு மத்தியானத்துல முடிச்சுரலாம். அப்பறம் லூக்கா 15, ஊதாரி மகன் கதை. அப்பறம் மத்தேயு 5லேர்ந்து 7 வரைக்கும் மலைப்பிரசங்கம். எதிரிய நேசி, தர்மத்த தம்பட்டம் அடிச்சு செய்யாத எல்லாம் அதுலதான் வருது. படிச்சுட்டு சர்ச்சுல நடக்கறத பாத்தீங்கன்னா கோவம் கூட வரும். ஏன்னா சாதி எங்ககிட்டயும் இருக்கு, தேர் எந்தத் தெருவுக்குப் போகும் எந்தத் தெருவுக்குப் போகாதுங்கற சண்டையும், சுவர் வச்ச கல்லறைத் தோட்டமும் இருக்கு. மறைச்சு வச்சு உங்கள கூப்புட நான் விரும்பல.

படி 8: வேளாங்கண்ணி

ஆகஸ்ட் 29 கொடியேத்தம், செப்டம்பர் 8 மாதா பொறந்தநாள். அந்தப் பதினோரு நாளும் ஊரு தாங்காது, ரூம் கெடைக்காது. சாதாரண வாரத்துல ஒரு செவ்வாய் புதன்ல போங்க, நாகப்பட்டினத்துலேர்ந்து பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்தான். பால் கொண்டு போன பையன்கிட்ட மாதா குழந்தைக்கு பால் கேட்டது, மோர் வித்த கால் நடக்காத பையன் எந்திரிச்சு நடந்தது, புயல்ல மாட்டுன போர்த்துகீசு மாலுமிங்க தப்பிச்சு வந்து கோயில் கட்டுனது, இந்த மூணும்தான் அங்க வழிவழியா சொல்ற கதை. மொட்டை போடறது, காது குத்தறது, தென்னங்கன்னு குடுக்கறது, மாதா குளத்துக்கு மணல்ல முட்டி போட்டு போறது எல்லாம் உண்டு. சேலை கட்டுன மாதாவ பாத்துட்டு "இது உங்க அம்மனா"னு கேப்பாங்க. இல்ல. ஆர்.சி. போதனைப்படி மாதா கடவுள் கெடையாது, கடவுள்கிட்ட நமக்காக பேசற தாயி, அவங்கள்ட்ட வேண்டிக்கச் சொல்றோம், ஆராதனை கடவுளுக்கு மட்டும். லுத்தரன்காரங்க அந்த வேண்டுதலும் வேணாம்னுவாங்க. என் மாமியார் வேளாங்கண்ணி வாசப்படி மிதிச்சதே இல்ல. ஆனா நடந்து போற கூட்டம் ரோட்டுல வந்தா அண்டா நெறைய மோர் கரைச்சு, இஞ்சி தட்டிப் போட்டு, தூக்க முடியாம தூக்கிட்டு வந்து நிப்பாங்க.

சேரணும்னு தோணுச்சுன்னா

அவசரமே வேண்டாம். ஒழுங்கான பங்கு சாமியாரா இருந்தா அவரே மாசக்கணக்குல வகுப்புக்கு வரச் சொல்லுவாரு, பெரியவங்களுக்கு பெரும்பாலும் ஈஸ்டர் ராத்திரிலதான் ஞானஸ்நானம். அடுத்த வாரமே முழுக்கு குடுத்துடறோம்னு யாராச்சும் அவசரப்படுத்துனா, இல்ல வியாதி தீரும் கடன் தீரும்னு ஆசை காட்டுனா, கும்புடு போட்டுட்டு வந்துருங்க. இன்னொரு நடைமுறை விஷயம், யாரும் சொல்ல மாட்டாங்க: 1950 உத்தரவுப்படி எஸ்.சி. அந்தஸ்து இந்து, சீக்கியர், பௌத்தருக்குத்தான். எஸ்.சி.ல இருந்து கிறிஸ்தவரா மாறுனா தமிழ்நாட்டுல பி.சி. பட்டியலுக்குப் போயிருவீங்க. புள்ளைங்க படிப்பு, வேலை எல்லாம் இதுல இருக்கு, வீட்ல உக்காந்து பேசிட்டு முடிவு பண்ணுங்க.

சும்மா தெரிஞ்சுக்கணும்னா மட்டும் போதும்னா ஃபாதரத் தேடாதீங்க, அவரு பூசை முடிஞ்சதும் அடுத்த ஊருக்கு பைக்ல கெளம்பிருவாரு. கோயில்பிள்ளைய புடிங்க. மணி அடிக்கறது, மெழுகுதிரி ஏத்தறது, சாவி வச்சிருக்கறது எல்லாம் அவருதான். ஒரு டீ வாங்கிக் குடுத்தீங்கன்னா பீடத்துக்குப் பின்னாடி இருக்குற பழைய சொரூபத்துலேர்ந்து எந்த வருஷம் எந்த தேரு எந்த வாய்க்கால்ல கவுந்துச்சுங்கறது வரைக்கும் சொல்லுவாரு.